நீலக் கண்ணாடியும் நாலு மணியும்

ஆறு நாளாக அம்மாவும் பெரியவனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதைச் சின்னவள் வழியாகப் பேசினார்கள். ஒரே அறையில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்பான் அவன். "உங்கண்ணன்கிட்ட சொல்லிடு" என்பாள் அம்மா. சின்னவள் எதையும் சொல்லப் போனதில்லை. அந்த வீட்டில் யாருக்கும் காது மந்தமில்லை.

சண்டை போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொடங்கியது.

அம்மாவுக்குத் தொழில் தையல். சேர்ப்பது ரயில் விளக்குகள். மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரிக்கும் பழைய விளக்குகள். ரயில் கார்டு கையில் தூக்கிக் காட்டுவது, கடைசிப் பெட்டியின் முதுகில் தொங்குவது, கைகாட்டி மரத்தின் உச்சியில் எரிவது என்று மொத்தம் நாற்பத்து மூன்று. வீட்டின் பக்கவாட்டு அறை முழுக்க அவைதான்.

அந்த அறை தனக்கு வேண்டும் என்பது பெரியவனின் பழைய வழக்கு. அவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். சாலை விதிகளைப் பாடமாக நடத்த ஓர் அறை இல்லாமல், காரை ஓரமாக நிறுத்திவைத்து அதற்குள்ளேயே நடத்திக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குத் தான் பிரேக் போட்டுப் பழகியவன். வீட்டிலும் அதே பழக்கம்தான். யாராவது ஒரு பேச்சை எடுத்தால் அவன் வலது கால் தரையை அழுத்தும்.

அன்றைக்கு அவனுக்கு வாகாக ஒரு சேதி கிடைத்தது. அம்மா உறுப்பினராக இருக்கும் பழம்பொருள் சேகரிப்போர் சங்கத்தில், ஆண்டுக் கண்காட்சிக்கு அவள் கொண்டுபோன விளக்கைச் செயலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பச்சைக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கண்ணாடி இருக்கிறது, யாரோ மாற்றிப் போட்ட போலி என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"நாப்பத்தி மூணுல இதுதான் ராஜான்னு சொன்னே. ராஜாவே போலின்னா மந்திரிங்க கதை என்ன?" என்றான் பெரியவன்.

ஓர் உணவகக்காரர் மொத்த விளக்குகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் அப்போதுதான் போட்டு உடைத்தான். சாப்பிடும் கூடத்தில் வரிசையாகத் தொங்கவிடுவாராம். ஒவ்வொன்றின் அடியிலும் துளை போட்டு மின்கம்பி இழுத்து பல்பு மாட்டுவாராம்.

"துளையா?" என்றாள் அம்மா. அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் தட்டில் கை நின்றுவிட்டது.

"சங்கமே உண்மைன்னு அட்டை எழுதிக் குடுக்கட்டும், நான் இந்த அறை பேச்சையே எடுக்கல. இல்லேன்னா வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் வண்டியோட வருவார். சம்மதமா?"

"சம்மதம்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் மருமகள், மகள் என்று இரண்டு பேர் கேட்க வந்த வார்த்தை.

இன்று சனிக்கிழமை.

*

காலை ஒன்பதரைக்கே அம்மா சின்னவளோடு சங்கத்துக்குக் கிளம்பிவிட்டாள். விளக்கைப் பழைய துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தாள். கைப்பைக்குள் ஓர் இருமல் மருந்துக் குப்பி. அதற்குள் இருந்தது இருமல் மருந்து இல்லை என்பது சின்னவளுக்கு வாசனையிலேயே தெரிந்தது.

பேருந்தில் நடத்துநர் கூடையைக் காலால் தட்டினார்.

"உள்ள என்னம்மா?"

"விளக்கு."

"எரியுமா?"

"எண்ணெய் ஊத்தினா எரியும்."

"நம்ம வண்டியில ஊத்திடாதீங்க. ஏற்கெனவே இது எரிஞ்சு எரிஞ்சுதான் ஓடுது."

அம்மா சிரிக்காமல் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்கட்டில் உட்கார்ந்து வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துக்கொடுப்பாள். ஆள்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இன்று அம்மாவுக்காக ஒரு நாள் விடுப்பு கேட்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை முதலாளியிடம் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

"அன்னைக்கே அந்தச் செயலாளர்கிட்ட விளக்கிச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன். அவர் கண்ணை மட்டும்தான் திறந்து வெச்சிருந்தார், காதை இல்ல." அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அந்த மஞ்சள் பச்சைக் கண்ணாடி வழியா வந்தா தூரத்துல அழுக்கு மஞ்சளாத்தான் தெரியும். வண்டி ஓட்டுறவன் போறதா நிக்கறதான்னு தலையைச் சொறிவான். அதனால நீலக் கண்ணாடி போட்டாங்க. மஞ்சளும் நீலமும் சேர்ந்து நல்ல பச்சையா வரும். இவர் வெள்ளை டார்ச்சை உள்ள விட்டு அடிச்சுப் பாத்துட்டு நீலம், நீலம்னா, வேற என்னவா தெரியும்?"

"எங்க கடையிலயும் அப்படித்தான். குழல் விளக்குல ஒரு நிறம், வாசல்ல போய் நின்னா ஒரு நிறம்."

"பாத்தியா. உனக்குத் தெரியுது. பதினெட்டு வருஷமா செயலாளரா இருக்கறவருக்குத் தெரியல."

அம்மா ஒரு காலத்தில் ரயில் நிலையத்துக்குச் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கொடிக்கட்டோடு சரக்கு அறைக்குப் போனபோது, கழித்துப் போட்ட விளக்குகளை ஓர் ஆள் காலால் மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தான். நசுக்கினால் மூட்டைக்கு அதிகம் பிடிக்குமாம். ஒன்றை மட்டும் அவள் அவன் காலுக்கு அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவன் கத்தினான். அவளும் கத்தினாள். அவள் முதன்முதலாக வெளியாள் ஒருவரிடம் கத்தியது அன்றுதான் என்று சொல்வாள். அதற்குப் பிறகு அது சுலபமாகிவிட்டது.

*

சங்கக் கூடம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கண்காட்சி திறப்பு. மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, தட்டச்சு இயந்திரங்கள், தபால்தலைத் தொகுப்புகள், பூட்டுகள் எல்லாம் வைத்தாகிவிட்டது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை. அட்டையில் பொருளின் விவரம், கீழே சோதித்துப் பார்த்த இருவரின் கையெழுத்து. இரண்டில் ஒன்று செயலாளருடையதாக இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தில் அட்டை இல்லாத பொருள் பொருளே இல்லை.

செயலாளர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வட்டக் கண்ணாடி வைத்திருப்பார். அதனால் அவருக்குப் பின்னால் எல்லாரும் பூதக்கண்ணாடி என்பார்கள். முன்னால், சார்.

"மறுபடியும் கொண்டு வந்துட்டீங்களாம்மா. போன வாரமே முடிஞ்ச விஷயம்."

"நீங்க முடிச்சீங்க. நான் முடிக்கல. ஏத்திப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"கூடத்துல நெருப்பு கூடாது. விதி இருக்கு."

"யார் எழுதின விதி?"

"நான்தான் எழுதினேன்."

"அப்போ வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம். அந்த நாற்காலி அடுக்கற அறை கூடத்துல சேருமா?"

பக்கத்து மேசையில் சுவர்க்கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த கடிகாரக்காரர் திரும்பாமலே பேசினார். அவரும் சங்கத்தில் பழைய ஆள். "சேராது சார். பெருக்கற அம்மா கேட்டப்போ, அது கூடம் இல்ல, அதைப் பெருக்க வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க."

செயலாளர் அவரை முறைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம். நானும் நீங்களும் மட்டும்."

"என் மகளும். எண்ணெய் சிந்தினா துடைக்க ஆள் வேணும்."

நாற்காலி அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவை மூடியதும் மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கும் அளவுக்கு இருட்டு. சின்னவளின் முழங்கையில் மடக்கு நாற்காலி ஒன்று குத்தியது. கைபேசி வெளிச்சத்தை அம்மாவின் விரல்கள்மேல் பிடித்தாள்.

அம்மா மூடியைத் திறந்து உள் விளக்கை வெளியே எடுத்தாள். இருமல் மருந்துக் குப்பியைச் சரித்தாள். திரி நனையும்வரை காத்திருந்தாள். செயலாளர் தொண்டையைக் கனைத்தார். தீக்குச்சி உரசியது.

முதலில் நிறமில்லாத பக்கம். குவிந்த கண்ணாடி வழியாக ஒரு மஞ்சள் வட்டம் எதிர்ச்சுவரில் விழுந்தது. அம்மா மேல் மூடியைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளே உருளை கரகரத்தது. சிவப்பு. இன்னொரு திருப்பு.

பச்சை.

அப்படி ஒரு பச்சை. சுத்தமாக, குளிர்ச்சியாக, எதிரில் நின்ற செயலாளரின் சட்டை, மூக்கு, நரைத்த புருவம் எல்லாவற்றிலும் ஒரே சீராகப் படர்ந்த பச்சை. நீலம் எங்கேயும் இல்லை.

அவர் வட்டக் கண்ணாடியை எடுத்தார், மறுபடி பையில் போட்டார். அதற்கு அங்கே வேலை இல்லை.

"சரிதான்" என்றார் கடைசியில்.

அத்தோடு அம்மா விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்திருந்தால் இந்த நாள் வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஆனால் அந்தப் பச்சை வெளிச்சத்தில் மூலையில் இருந்த சிறு மேசையும் தெரிந்தது. அதன்மேல் பட்டுத்துணி மூடிய ஒன்று. செயலாளரின் விளக்கு. ஒவ்வொரு வருஷமும் திறப்பு நேரத்தில் அவர் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுமேசையில் வைப்பார். பல்பு மாட்டிய அது மணிக்கணக்கில் பச்சை காட்டும்.

"இதுவும் இதே அச்சுதானே" என்றாள் அம்மா. "உள் விளக்கு பொருந்தும்."

"அதைத் தொடாதீங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் துணி விலகிவிட்டது. அவள் விரல்கள் ஊசியில் பழகியவை. பல்பைக் கழற்றி, எரியும் உள் விளக்கை அதற்குள் இறக்கி, மூடியைத் திருப்ப அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சுவரில் விழுந்தது பச்சை என்று சொல்ல முடியாத ஒன்று. வாடிப்போன இலை மாதிரி, அழுக்கு மஞ்சளாக, ஓரம் மங்கி.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பல்புக்காகப் பிற்பாடு போட்ட கண்ணாடி" என்றாள் அம்மா. குரலில் ஏளனம் இல்லை. "உங்களை யாரோ ஏமாத்தியிருக்காங்க சார்."

செயலாளர் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து விரித்து உட்கார்ந்தார். "பதினோரு வருஷம் ஆச்சு நான் இதை வாங்கி" என்றார். "இதைப் பக்கத்துல வெச்சுதான் மத்தவங்க கொண்டு வர்றதை எல்லாம் பாப்பேன். இது உண்மை, இது மாதிரி இல்லாதது போலி. அப்படித்தான்."

"எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "உங்களோட சேர்த்து ஏழு."

"அதுல ஒருத்தர் பள்ளிக்கூடத்துக் காவல்காரர். அவரோடதைப் பாத்திருக்கேன், மூடியிலும் உடம்புலயும் ஒரே எண் குத்தினது. நீங்க போலின்னு சொன்ன மறுநாளே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டார். பாக்கவே பிடிக்கலைன்னார்."

செயலாளர் தலையைத் தூக்கவில்லை. கூட்ட நடவடிக்கை வாசிக்கும் தன் வழக்கமான குரலை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல திறப்பு. இந்த வருஷம் என் விளக்குக்கு ரெண்டாவது கையெழுத்து இன்னும் வாங்கல. நீங்க போடுங்க. உங்க அட்டையில நான் போடறேன். உங்க விளக்கும் நடுமேசையிலயே இருக்கட்டும், என்னுதுக்குப் பக்கத்துல. ரெண்டு பேருக்கும் மரியாதையா முடிஞ்சிடும்."

சட்டைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நாற்காலி முதுகின்மேல் வைத்தார். பேனாவையும் திறந்து நீட்டினார்.

சின்னவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். ஒரு கையெழுத்து. அது இருந்தால் நாலு மணிக்கு அண்ணன் வாய் திறக்க முடியாது. அறை அம்மாவுடையது. போட்டுவிடு அம்மா, போட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அம்மா பேனாவை வாங்கினாள். அதன் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். அவர் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.

"என் விளக்கு உண்மைன்னு சொல்ல, உங்க விளக்கும் உண்மைன்னு நான் சொல்லணுமா? அப்படி வர்ற அட்டை எனக்கெதுக்கு? ஏழு பேர்ல ஒருத்தியா வந்தேன். மத்த ஆறு பேரைத் தாண்டிக் குதிச்சுட்டு நான் மட்டும் உள்ள போக மாட்டேன்."

"அப்போ அட்டை கிடைக்காது."

"வேண்டாம்."

"வெளிய போய்ச் சொல்லப் போறீங்களா?"

"தண்டோரா போடற வேலை எனக்கு இல்ல. தைக்க நெறைய இருக்கு. ஆனா யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

விளக்கை ஊதி அணைத்தாள். கதவைத் திறந்ததும் கடிகாரக்காரர் ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தற்செயலாக நிற்பவர்போல நின்றார்.

"என்ன நிறம் வந்தது?"

"என்னுது பச்சை" என்றாள் அம்மா.

"சாரோடது?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். செயலாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "அதை அவர் வாயால சொல்லட்டும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சொல்லலேன்னா என் வீட்டுக்கு வந்து கேளுங்க. முகவரி உங்ககிட்ட இருக்கு."

*

படியிறங்கும்போது சின்னவள் அழுதுவிட்டாள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. யாருக்கு என்ன நஷ்டம்? இப்போ அறை போச்சு. எல்லாம் போச்சு."

"யார் சொன்னா போச்சுன்னு?"

"நீதான் வாக்கு குடுத்தே."

"குடுத்தேன்" என்றாள் அம்மா. பேருந்து வரும்வரை வெயிலில் கூடையைக் கைமாற்றிக்கொண்டே நின்றாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும்தான், "இந்தத் தையல் மிஷினை நாம ரெண்டு பேரும் சேர்ந்தா தூக்கிடலாம்ல?" என்று கேட்டாள்.

இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. இரும்புக்கால், தேக்குப் பலகை, மிதிகட்டை எல்லாம் சேர்ந்து அது அசைய மறுத்தது. சின்னவளின் அண்ணி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். செருப்புக் கடையில் கணக்கெழுதும் பெண், சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. என்ன, ஏன் என்று கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது மூலையைப் பிடித்தாள்.

மூன்றேகால் மணிக்கு இயந்திரம் பக்கவாட்டு அறையின் வாசலில் குறுக்காக நின்றது. இந்தப் பக்கம் நடை, அந்தப் பக்கம் விளக்குகள். உள்பக்கம் அம்மா ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, செவிலியர் சீருடை ஒன்றை எடுத்து அதற்குக் கை வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெரியவன் வந்தான். கூடவே உணவகக்காரர். பருத்த, சாந்தமான மனிதர். செருப்பை வாசலில் கழற்றி நேராக வைத்துவிட்டு வந்தார்.

பெரியவன் இயந்திரத்தைப் பார்த்தான். வலது கால் தரையை அழுத்தியது.

"சின்னவளே, உங்கம்மாகிட்ட அட்டை எங்கன்னு கேளு."

அம்மா தையலை நிறுத்தவில்லை. "என்கிட்டயே கேளு. வாயிருக்கு."

"அட்டை எங்கம்மா?"

"இல்ல."

"அப்போ போலிதானே."

"உண்மை. என் கண்ணால பாத்தேன், உன் தங்கச்சி பாத்தா, அந்தச் செயலாளரும் பாத்தார். அட்டைதான் கிடைக்கல. அதுக்கு அவர் கேட்டது என்னால குடுக்க முடியாதது."

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அட்டை இல்லேன்னா அறை காலின்னு சொன்னோம். சம்மதம்னு சொன்னே."

"சொன்னேன்."

"வாக்கு குடுத்தே."

"குடுத்தேன். இப்போ மீறுறேன்." அம்மா துணியைத் திருப்பிப் போட்டாள். "எங்கம்மா வாக்கு தவறினவன்னு உன் கார்ல ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவா சொல்லு. நான் மறுக்க மாட்டேன். ஆனா இந்த அறைக்குள்ள போறதுன்னா என்னையும் மிஷினையும் சேர்த்துத் தூக்கி ஓரமா வெச்சுட்டுப் போ. எவ்வளவு கனம்னு இவங்களைக் கேளு."

"அம்மா, ஆள் நிக்கறார். மானத்தை வாங்காதே."

"அதை நீ இங்க கொண்டு வந்திருக்கவே வேண்டாம்."

உணவகக்காரர் ஒரு கையைத் தூக்கினார், வகுப்பில் சந்தேகம் கேட்பவர்போல. "தம்பி, அம்மா முழுச் சம்மதம்னு நீங்க சொன்னீங்க."

"சம்மதிப்பாங்க சார். கொஞ்ச நேரம்."

"தம்பி, இதுல சம்மதம் எங்க இருக்கு? எனக்கு எங்கம்மா ஞாபகம் வருது. நான் கிளம்பறேன்." திரும்பியவர் நின்றார். "அப்போ செவ்வாய்க்கிழமை கொண்டு வந்து குடுத்தீங்களே, அதுக்கு என்ன பண்றது?"

தையல் நின்றது.

"எதை?" என்றாள் அம்மா.

பெரியவன் சுவரைப் பார்த்தான்.

"மூணு விளக்கும்மா. சாக்குல சுத்தினது. மாதிரிக்குன்னு தம்பி கொண்டு வந்தார்" என்றார் உணவகக்காரர். முகத்தில் நிஜமான சங்கடம். "உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சேன். ரெண்டுக்கு அடியில துளை போட்டாச்சு. மூணாவது பட்டறையில இருக்கு. அஞ்சு மணிக்கு மேல போடறேன்னான் பட்டறைக்காரன்."

அம்மா முக்காலியிலிருந்து எழுந்தாள். அலமாரித் தட்டுகளில் இருந்த விளக்குகளை அவள் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து கீழ்த்தட்டுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியை இழுத்தாள். இரண்டு மாதம் முன்பு ஒரு மூடப்பட்ட நிலையத்திலிருந்து வந்தவை. சீருடை வேலை முடிந்ததும் பிரித்துச் சுத்தம் செய்யலாம் என்று சாக்கோடு வைத்திருந்தாள். பெட்டியில் சாக்குக் கயிறு மட்டும் கிடந்தது.

கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஞாயிறு போட்ட பேச்சு. சனிக்கிழமை வரைக்கும் தவணை. நீ செவ்வாய்க்கிழமையே தூக்கிட்டே."

"அதான் எப்படியும் காலி பண்ணப் போறோம்னு."

"என்கிட்ட வாக்கு பத்திப் பேசினே."



அம்மா இயந்திரத்தின் ஓரமாக உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடைக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

"பட்டறை எவ்வளவு தூரம்?"

"இருபது நிமிஷம்மா" என்றார் உணவகக்காரர்.

"வண்டி?"

"வெளியில நிக்குது."

"எடுங்க. பட்டறைக்காரனுக்கு போன் போட்டு, கையை வெக்காதேன்னு சொல்லுங்க. துளை போட்ட ரெண்டையும் எடுத்துட்டு வரணும். அதுங்களும் என்னுதுதான்."

"நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றான் பெரியவன். ஆறு நாளில் முதல்முறையாக அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"நீ வேண்டாம். பாதி வழியில பிரேக் போடுவே."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சின்னவளைப் பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் இந்த முக்காலி காலியா இருக்கக் கூடாது."

வண்டிக் கதவு அறைந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அது தெருமுனை திரும்பும் சத்தம். சுவர்க்கடிகாரத்தில் மணி நாலேகால்.

சின்னவள் அந்த அறை வாசலை நோக்கி ஓரடி வைத்து நின்றாள். அவளுக்கு அண்ணன் முகத்துக்கு எதிராக உட்கார்ந்து பழக்கமில்லை.

அவளுக்கு முன்னால் யாரோ இயந்திரத்துக்கும் வாசல் நிலைக்கும் இடையில் புகுந்து போனார்கள். அண்ணி. முக்காலியை இழுத்து, பெரியவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுந்திரு" என்றான் பெரியவன்.

"அத்தை வரட்டும்."

"உனக்குத் தைக்கவே தெரியாது. எழுந்திருன்னா."

அவள் சக்கரத்தைக் கையால் சுற்றி மிதிகட்டையை அழுத்தினாள். அது பின்பக்கமாக ஓடியது. நூல் சிக்கி அறுந்தது. அறுந்த நுனியை எடுத்து உதட்டில் நனைத்து, ஊசியின் காதுக்குள் நுழைக்கப் பார்த்தாள். தவறியது. மறுபடியும் நனைத்தாள்.

புருஷன் எதிரில் நின்றுகொண்டே இருந்தான். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த ஊசியில் நூல் கோக்க அவளுக்கு வெகுநேரம் ஆகும் போலிருந்தது.